கூமா கொண்டுவந்த கோதுமை

கட்சியைக் கலைக்கக் கூட்டிய கூட்டத்தில் யாராவது ஒருத்தர் கை தூக்காமல் விட்டால் தன் மகன் வீடு திரும்ப மாட்டான் என்பது கிளையில் வேலிசார் தாமியானொவுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பதும் அந்தப் பேரத்தில் சேர்த்திதான்.

1948 ஆகஸ்ட் மாதம். சமூக ஜனநாயகக் கட்சியின் ஊர்க் கிளைக்கு வேலிசார் செயலாளர். பிழைப்புக்குக் கூட்டுறவு ரொட்டிக்கூடத்தில் மேற்பார்வை. இரண்டு வருஷத்துக்கு முன்பு கட்சி இரண்டாக உடைந்தபோது அவர் அரசாங்கத்தோடு ஒட்டிக்கொண்ட பாதியில் இருந்தார். மகன் ஓக்னியான் எதிர்க்கட்சியாய்ப் போன பாதியில் நின்றான். அந்தப் பாதியின் பத்திரிகையைத் தடை செய்த பிறகும் பழைய பிரதிகளை மாவு மூட்டைக்குள் திணித்து ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்பனுடைய ரொட்டிக்கூடத்து மாவு மூட்டைதான், வேறு எங்கே போவான்? வசந்தத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது ஏதோ ஓர் அணை கட்டும் முகாமில் கல் சுமக்கிறான். எப்போதாவது ஒரு கார்டு வரும். நலம், காலுறை அனுப்பவும் என்று இருக்கும். அவ்வளவுதான் எழுத விடுவார்கள்.

ஜூலையில், நாட்டை ஆளும் பெரிய கட்சியின் மாவட்டக் குழுவிலிருந்து ஹரிசானொவ் வந்தான். முப்பது வயதிருக்கும், நல்ல சப்பாத்து, நல்ல பல்வரிசை. ரொட்டிக்கூடத்துக்குள்ளேயே வந்து, சுடச்சுட ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்.

"உங்க கிளை எங்களோட சேரணும், தோழர். எல்லா ஊர்லயும் நடக்குது, உங்க ஊர்லயும் நடக்கும். ஆனா எனக்கு ஒரு கைகூட கீழ இருக்கக்கூடாது. உங்க ஊர்ல கிழவங்க முரண்டு பிடிப்பாங்கன்னு சொல்றாங்க."

"பிடிப்பாங்க."

"பிடிக்காம பார்த்துக்கோங்க. இலையுதிர் காலத்துல உங்க பையன் வீட்டுல இருப்பான். நான் கையெழுத்து வாங்கித் தர்றேன். இதை வெளிய சொன்னீங்கன்னா நான் இங்க வரவேயில்ல."

வேலிசார் சரி என்றார். வேறு என்ன சொல்வார்? அன்று ராத்திரி மனைவி மில்காவிடம் மட்டும் சொன்னார். அவள் பெட்டியைத் திறந்து, அவிழ்த்த கம்பளி நூலை எடுத்து ஒரு ஸ்வெட்டர் போட ஆரம்பித்தாள். ஆகஸ்ட் வெயிலில் மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது கேட்டால் உடம்புக்குக் குளிர்கிறது என்பாள்.

அந்த ஊர்க் கிளையில் சேர்ந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கட்சி பிறந்த புஸ்லுஜா சிகரம் அவர்கள் மன்ற ஜன்னலிலிருந்து தெரியும். 1903இல் கட்சி முதல்முறை பிளந்தபோது, கொள்கையைக் கொஞ்சமும் தளர்த்த மாட்டோம் என்றவர்களுக்குக் குறுகலர் என்று பேர் விழுந்தது. எல்லோரையும் அணைத்துப் போவோம் என்றவர்கள் அகலர் ஆனார்கள். இந்த ஊரில் மன்றத்தின் நாற்காலிகளைக்கூடப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிஞ்சிய ஒற்றை நாற்காலிக்கு நடந்த சண்டையில் ஒருத்தருக்குப் பல் போனது. அதன்பின் ஒரு சாராயக்கடையில் இவர்கள் குடித்தால் அவர்கள் நுழைய மாட்டார்கள். அந்தக் குறுகலர்தான் வளர்ந்து பெரிய கட்சி ஆனார்கள், நாட்டையும் பிடித்தார்கள். இப்போது அகலரும் உள்ளே வந்து அடங்கவேண்டும் என்கிறார்கள்.

வேலிசார் ஒவ்வொரு வீடாய்ப் போனார். ஒருவருக்குப் பிள்ளையின் உத்தியோகத்தை நினைவுபடுத்தினார், இன்னொருவருக்கு வாடகை வீட்டை நினைவுபடுத்தினார். பேசப் பேசத் தன் வாயே தனக்கு நாறியது. எல்லோரும் மடங்கினார்கள். கடைசியில் கெரானா வீடு.

கெரானாவும் செத்துப்போன அவள் புருஷன் ஸ்தாமெனும்தான் வேலிசாருக்கும் மில்காவுக்கும் கல்யாணக் கிரீடம் மாற்றிவைத்தவர்கள். அப்படி வைத்தவளைக் கூமா என்பார்கள். கூமாவின் கையை முத்தமிட்டுத்தான் பேச்சே தொடங்கும், பெற்ற தாயைக்கூட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலாம், கூமாவைப் பேச முடியாது. பிறக்கிற பிள்ளைக்கு ஞானத்தாயும் அவளே. ஓக்னியான் என்ற பேரை வைத்தது கெரானாதான்.

வேலிசார் குனிந்து கையை முத்தமிட்டார். கெரானா தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"எதுக்கு வந்தேன்னு தெரியும். ஊரெல்லாம் சுத்திட்டு என்கிட்ட கடைசியா வந்திருக்கே."

"கூமா, நாளைக்கு நீங்களும் கை தூக்கணும்."

"அகலத்தைக் கொண்டுபோய்க் குறுகலுக்குள்ள எப்படிடா திணிப்பே? என் இடுப்பைப் பார். நான் அந்த வாசல்ல நுழைவேனா?"

"விளையாடாதீங்க கூமா."

"என் புருஷன் ஆயுசு பூரா இதுக்குத்தான் உழைச்சான். உன் பிள்ளையை உள்ள வச்சிருக்கானுங்க, அவனுங்களுக்கே போய்க் கும்பிடு போடறியே, உனக்கு எப்படிடா மனசு வருது? காரணம் சொல்லு. ஒரே ஒரு காரணம்."

காரணம் தொண்டை வரை வந்துவிட்டது. கெரானா நல்லவள்தான், ஆனால் அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் சந்தைக்குப் போய்விடும். வேலிசார் விழுங்கினார்.

"பயமா இருக்கு கூமா."

இயந்திரம் நின்றது. கெரானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பயமா. சரி. அதையாவது நேரா சொன்னியே. தூக்கறேன், போ."

வேலிசார் தெருவில் இறங்கி நடந்தார். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் கூட்டம். ஜன்னல்களைத் திறந்தும் காற்றில்லை. ஹரிசானொவ் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வேலிசார் தீர்மானத்தைப் படித்தார். ஆதரவாளர்கள் கை தூக்கலாம் என்றார். ஒவ்வொரு கையாய் எழுந்தது, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் கெரானா மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு இருந்தாள். அவள் கை மட்டும் பையின் மேலேயே இருந்தது. ஹரிசானொவ் திரும்பிப் பார்த்தான். வேலிசாரின் எண்ணிக்கை பாதியில் நின்றது.

"தூக்கறேன், தூக்கறேன். சீக்கிரம் எண்ணித் தொலை, தோள்பட்டை வலிக்குது" என்று கெரானா கையை உயர்த்தினாள்.

ஒருமனதாய் நிறைவேறியது. ஹரிசானொவ் எழுந்து வேலிசாரின் கையைக் குலுக்கினான். அந்தக் குலுக்கலில் ஒரு சின்ன அழுத்தம் இருந்தது. பையன் வந்துவிட்டான் என்று வேலிசார் நினைத்தார்.

அப்போது கெரானா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். உள்ளே ஒரு மண்சட்டி, துணி போட்டு மூடியிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் இருங்க. ஸ்தாமெனுக்கு வருஷ நினைவு. கோதுமை கொண்டுவந்திருக்கேன்."

வேகவைத்த கோதுமை. சர்க்கரை, பொடித்த அக்ரூட், மேலே லவங்கப்பட்டைத் தூள். செத்தவர்களுக்காகக் கொடுப்பது, வாங்குகிறவர் செத்தவருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். விருந்தாளிக்கு முதலில் கொடுப்பது முறை. ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு ஹரிசானொவ் கையில் வைத்தாள்.

எந்தக் கட்சியாக இருந்தால் என்ன, தாய் வளர்த்த பிள்ளைதானே. கோதுமைக் கிண்ணம் கைக்கு வந்தால் வாய் தானாகச் சொல்லிவிடும். ஹரிசானொவும் எழுந்து நின்று, தலையைக் குனிந்து, ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்.

"கடவுள் மன்னிக்கட்டும்."

அடுத்தவர் வாங்கினார். கடவுள் மன்னிக்கட்டும். அதற்கடுத்தவர். கடவுள் மன்னிக்கட்டும். வரிசையாய், கட்சியைக் கலைத்த அதே அறையில், கலைத்த அதே ஆட்கள், கலைத்த கை ஈரம் காய்வதற்குள். நாலைந்து பேர் சொன்ன பிறகு ஒரு கிழவருக்குக் குரல் உடைந்தது. இன்னொருவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். அப்போதுதான் வேலிசாருக்கு உறைத்தது. ஸ்தாமென் செத்தது திராட்சை அறுவடையில். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருத்தர், சட்டையெல்லாம் திராட்சைச் சாறு. வருஷம் திரும்ப இன்னும் எத்தனையோ வாரம் இருந்தது.

கெரானா அவரிடம் வந்து கிண்ணத்தை நீட்டினாள்.

"வாங்கிக்கோ, செயலாளரே. ஐம்பத்தேழு வயசு. நல்ல சாவுதான்."

ஸ்தாமென் செத்தது எழுபது வயதில். 1891இல் பிறந்தது கட்சிதான். வேலிசார் ஹரிசானொவைப் பார்த்தார். அவன் கிண்ணத்தின் அடியைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. வேலிசார் கோதுமையை வாங்கி, மற்றவர்கள் சொன்னதைச் சொல்லி, மென்று விழுங்கினார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் கதை சந்தைக்கு வந்து, பஸ் ஏறி, மாவட்டத் தலைநகர் வரைக்கும் போய்விட்டது. அகலர் கட்சிக்குக் கோதுமை கொடுத்தாளாம் ஒரு விதவை, சாப்பிட்டுவிட்டு ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வந்தானாம் ஹரிசானொவ். சிரிக்காதவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ஹரிசானொவ் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மன்றத்தில் நாற்காலிகளைக் கட்டி வைத்திருந்தார்கள், பெயர்ப் பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் வெள்ளையாய்த் தெரிந்தது. வேலிசாரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"அந்தக் கிழவி புருஷன் எப்ப செத்தான்?"

வேலிசார் கட்டி வைத்த நாற்காலிகளைப் பார்த்தார்.

"எனக்கே தெரியும், விசாரிச்சுட்டேன். உங்களைக் கேக்கறது அதுக்கில்ல." தாள் ஒன்றை மேசைமேல் வைத்தான். "எழுதுங்க. பொய் சொல்லிக் கோதுமை கொடுத்தா, வேணும்னே செஞ்சா, கூட்டத்தை ஏமாத்தினா. செயலாளர் கையெழுத்து. அவ்வளவு போதும்."

"அவங்களை என்ன பண்ணுவீங்க?"

"அது என் கையில இல்ல. உங்க பையன் காகிதம் என் கையில இருக்கு, அதை நினைங்க."

வேலிசார் தாளைப் பார்த்தார். கெரானாவுக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் வீக்கம். முகாமில் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டாள். கூமாவைக் காட்டிக் கொடுத்தவன் வீட்டில் ஊரில் யார் தண்ணீர் குடிப்பார்கள்? இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் பையன். என்னடா இப்படிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்களே என்று அவருக்குக் கோபம் கோபமாய் வந்தது. அந்தக் கோபத்தில்தான் மூளை வேலை செய்தது.

"எழுதறேன்" என்றார். "ஆனா நடந்தது நடந்தபடி எழுதணும் இல்லையா? கோதுமையை முதல்ல வாங்கினது யார், முதல்ல சொன்னது யார்னு கேப்பாங்க. விருந்தாளிக்குத்தானே முதல்ல. நீங்க எழுந்து நின்னு, தலையைக் குனிஞ்சு சொன்னீங்க. நீங்க சொன்னதாலதான் மத்தவங்களும் சொன்னாங்க. எல்லாரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க தோழர். ஒவ்வொருத்தரும் அதையேதான் சொல்லுவாங்க."

ஹரிசானொவ் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். ஜன்னலண்டை போய் நின்றான். வெளியே யாரோ தர்பூசணி கூவி விற்றுக்கொண்டு போனார்கள், அந்தக் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"சரி" என்றான் கடைசியில். "கோதுமைன்னு ஒண்ணு வரவேயில்ல. யாரும் எதையும் சாப்பிடல. பொறாமைக்காரங்க கட்டிவிட்ட கதை. நான் அப்படித்தான் சொல்லப்போறேன், நீங்களும் அதையே சொல்லுங்க."

வேலிசாருக்கு உடம்பு லேசானது. கெரானா தப்பித்தாள். ஐம்பது வயதுக்கு மேல் தனக்கு இப்படி ஒரு சாமர்த்தியம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"அப்ப பையன் காகிதம்?"

"எந்தப் பையன்?"

"தோழர்."

ஹரிசானொவ் திரும்பினான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. "யோசிச்சுப் பாருங்க. இந்த ஊர் பேரைச் சொன்னாலே அங்க சிரிக்கிறாங்க. இப்ப நான் போய், இந்தக் கிளைச் செயலாளர் மகனை விடுங்கன்னு ஒரு காகிதம் நீட்டினா என்ன கேப்பாங்க? உனக்கும் அவனுக்கும் என்ன, எதை மறைக்கிறேன்னு கேப்பாங்க. கோதுமை கதை உண்மைதான்னு ஆயிடும். என்னால இனி உங்க பையன் பேரைக்கூட வாயில எடுக்க முடியாது. இப்படி ஆகும்னு நீங்கதான் எனக்கு விளக்கிச் சொன்னீங்க."

வேலிசார் நின்றார். தாள் மேசைமேல் இன்னும் வெறுமையாய்க் கிடந்தது. அப்போது அவர் செய்ததை யாரிடமும், மில்காவிடமும் பிறகு சொல்லவில்லை. கையை நீட்டினார். பாய்ந்து நீட்டினார் என்றே சொல்லவேண்டும். தாளை இழுத்தார், பேனாவைத் திறந்தார்.

"எழுதித் தர்றேன். நீங்க சொன்ன மாதிரியே. நீங்க அறையிலயே இல்லைன்னு எழுதறேன். அந்தம்மா வேணும்னுதான் செஞ்சாங்க. சொல்லுங்க, எழுதறேன்."

ஹரிசானொவ் அவர் கையின் அடியிலிருந்து தாளை மெதுவாய் உருவிக்கொண்டான். அதை நாலாய் மடித்து உள்பையில் வைத்தான்.

"காலம் கடந்துபோச்சு, தோழர்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து வேலிசார் பாதியைச் சொன்னார். கூமா பிழைத்ததையும் பையன் வராததையும் சொன்னார். மில்கா கேட்டாள், எழுந்துபோய் ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு கை மட்டும் பின்னாமல் இருந்தது. திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சாப்பாடு வைத்தாள். "நீங்க செஞ்சது சரிதான்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திராட்சை அறுவடை வந்தது. ஸ்தாமெனின் வருஷ நினைவும் வந்தது, இந்தமுறை நிஜமாகவே. கெரானா மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது, அடுப்பு புகைகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. கெரானா கையால் கோதுமை வாங்க யாருக்குத் தைரியம்? தெருவெல்லாம் நடந்து கடைசியில் வேலிசார் வீட்டு வாசலுக்கு வந்தாள். சட்டி நிறைந்தபடியே இருந்தது.

மில்கா கதவைத் திறந்தாள். குனிந்து கூமாவின் கையை முத்தமிட்டாள்.

"இது நெசமாவே ஸ்தாமெனுக்கு" என்றாள் கெரானா. "நம்பினா வாங்கு. யாரும் வாங்கமாட்டேங்கறாங்க. செத்தவனுக்குக்கூட இங்க ஆள் இல்ல."

மில்கா கிண்ணத்தை வாங்கி ஒரு கரண்டி சாப்பிட்டாள். கடவுள் மன்னிக்கட்டும் என்றாள். பிறகு கிண்ணத்தைத் திரும்ப நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க கூமா. ஓக்னியான் பங்கு. ஸ்தாமென் அவனுக்கு ஞானத்தகப்பன் இல்லையா, அவனுக்காக நான் சொல்லிடறேன்."

"அவன் வந்து அவன் வாயால சொல்லட்டும். கம்பளி எல்லாம் பின்னினியே. வரப்போறான்னு நானே கணக்குப் போட்டேன். நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதா?"

"வரமாட்டான்" என்றாள் மில்கா.

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் கெரானா முட்டாள் இல்லை. மில்காவைப் பார்த்தாள். மேசையருகே எழுந்து நிற்கும் வேலிசாரைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். அந்தப் பெரிய உடம்பு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டது.

"அன்னைக்குக் கொடுத்த கோதுமையாலயா?"

வேலிசார் தலையைக் குனிந்தார்.

"பயம்னியேடா" என்றாள் வேலிசாரிடம். "பிள்ளைக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. நான் ஒரு கோமாளித்தனம் பண்ணினேன். சிரிப்பா இருக்கட்டுமேன்னு பண்ணினேன். அந்த ஹரிசானொவ் வந்துட்டுப் போனப்பவே என்னை எப்படி விட்டானுங்கன்னு யோசிச்சேன். நீ என்னைக் காட்டிக் கொடுக்கல. பெத்த பிள்ளையை விட்டுட்டு என்னைக் கொடுக்காம இருந்தே."

சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, வீங்கிய முழங்காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அந்த வீட்டில் இருபத்தைந்து வருஷமாய் எல்லோரும் குனிந்து அவள் கையை முத்தமிட்டிருக்கிறார்கள். இப்போது அவள் குனிந்து வேலிசாரின் வலது கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் கூமா. விடுங்க."

"சும்மா இரு."

அவர் கையை இழுத்தார். அவள் விடவில்லை, தையல்காரியின் பிடி. மில்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இத்தனை மாதத்தில் முதல்முறையாய் அவள் அழுதாள். தாளை இழுத்த அந்தக் கையை, பேனாவைத் திறந்த அந்த விரல்களைக் கெரானா இரண்டு கையாலும் ஏந்தி முத்தமிட்டாள். வேலிசார் இழுப்பதை நிறுத்திவிட்டு நின்றார்.